467 கிணறுகள், 787 படகுகள்

மிக்ஜாம் புயலின் மழை 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையை மூழ்கடித்தபோது, மணலித் தொழிற்பேட்டையில் தேங்கிய வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வெளியேறியது. பக்கிங்காம் கால்வாயில் கலந்து, கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, ஆறு கடலைத் தொடும் எண்ணூர் கழிமுகத்தில் அது பரவியது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், எண்ணூர்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் ஆகிய மீனவக் குப்பங்களில், கரையில் கட்டிக் கிடந்த படகுகளும் வைத்திருந்த வலைகளும் கறுத்தன. வீடுகளுக்குள் புகுந்த தண்ணீர் வடிந்த பிறகு, அது நின்ற மட்டத்துக்குச் சுவர்களில் எண்ணெய்க் கோடு தங்கியது. அலையாத்திச் செடிகளின் அடித்தண்டுகளிலும் அதே கோடு. இறகு முழுக்க எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்கள் பறக்கத் திணறின. இந்தியக் கடலோரக் காவல் படை வானிலிருந்து பார்த்து மதிப்பிட்ட பரப்பு சுமார் 20 சதுர கிலோமீட்டர்.

மணலியில் இருக்கும் சுத்திகரிப்பு ஆலை 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் நிறுவப்பட்டு, 1969-ல் உற்பத்திக்கு வந்தது. இன்று அது சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன், சுருக்கமாக சிபிசிஎல். தங்கள் குழாய் எதிலும் கசிவு இல்லை என்றுதான் நிறுவனம் முதலில் சொன்னது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வோ, ஆலை வளாகத்தில் மழைநீரைக் கையாளும் ஏற்பாடு போதவில்லை என்று கண்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வழக்கைத் தானாகவே முன்வந்து எடுத்துக்கொண்டது. கப்பல் உடைந்தோ எண்ணெய்க் கிணறு வெடித்தோ நடந்த கசிவாக இருந்திருந்தால் அது எங்கே, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று காட்ட முடியும். இது மழைநீர் போகும் வழியில் நடந்த கசிவு. அதனாலேயே எவ்வளவு எண்ணெய் போனது, எந்த நேரத்தில் போனது என்ற கேள்விகள் முதல் நாளிலிருந்தே சச்சரவாயின.

திண்டுக்கல்லிலிருந்து எந்தக் கடற்கரைக்குப் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். எண்ணூர்ச் செய்தி இங்கே வேறோர் ஊரின் துயரமாகத்தான் வந்து சேர்ந்தது. ஆனால் எண்ணூர் மீனவர் எந்தச் சட்டக் கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டு நஷ்டஈடு கேட்கிறாரோ, அந்தக் கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றிய வழக்கின் தீர்ப்பில் திண்டுக்கல் சமவெளியின் கிணறுகள் எண்ணிக்கையோடு பதிவாகியிருக்கின்றன. கிணற்றை எண்ணிய அந்தக் கணக்கையும் எண்ணூரில் படகை எண்ணிய கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எண்ணெய்க் கசிவில் யாருடைய இழப்பு ஏட்டில் ஏறுகிறது, யாருடையது ஏறாமலே போகிறது என்பது தெரியவரும்.

சேற்றுக்குள் போகும் எண்ணெய்

நீரில் கொட்டிய எண்ணெய் ஒரே பொருளாக நீடிப்பதில்லை. அதிலுள்ள லேசான பகுதி ஓரிரு நாளில் ஆவியாகிவிடும். கரையோர மக்களுக்கு வரும் தலைவலியும் குமட்டலும் கண் எரிச்சலும் பெரும்பாலும் அந்த முதல் நாட்களின் ஆவியால் வருபவை. மிஞ்சும் கனமான பகுதி அலையோடு அடிபட்டுத் தண்ணீரை உள்ளிழுத்துக்கொண்டு, களி போலத் திரண்டு, அளவில் பல மடங்கு பெருகும். வாளியில் அள்ளிய கழிவின் எடையை வைத்து எத்தனை டன் எண்ணெய் கொட்டியது என்று சொல்லிவிட முடியாததற்கு இதுவே காரணம். அந்தக் களியில் மணலும் வண்டலும் ஒட்டும்போது அது அடியில் படிகிறது.

திறந்த கடற்கரையில் அலை அடித்துக்கொண்டே இருப்பதால் எண்ணெய் சிதறும், வெயிலிலும் நுண்ணுயிர்களாலும் மெல்லச் சிதையும். கழிமுகத்தில் அப்படி நடக்காது. அங்கே தண்ணீர் ஏறி இறங்குமே தவிர மோதாது. சேற்றின் மேல்தோலுக்குக் கீழே சிறிது ஆழத்திலேயே காற்று தீர்ந்துவிடுகிறது; காற்றில்லாத சேற்றில் எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மிக மந்தமாகவே வேலை செய்யும். அலையாத்திகள் சேற்றுக்கு மேலே நீட்டி வைத்திருக்கும் சுவாச வேர்களில் நுண்ணிய துளைகள் உண்டு. எண்ணெய் அவற்றை அடைத்தால் மரம் உடனே சாகாது. இலை பழுத்து உதிர்ந்து, மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும். அதற்குள் கேமராக்கள் வேறிடம் போயிருக்கும்.

அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் வளைகுடாவில் 1989 மார்ச் 24-ல் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் ஏறிச் சுமார் 37,000 டன் கச்சா எண்ணெய் கொட்டியது. கரையை ஆயிரக்கணக்கானோர் கழுவினார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் சில கடற்கரைகளில் கூழாங்கல்லைத் தோண்டினால் எண்ணெய் இருந்தது. அங்கே ஹெர்ரிங் மீன்பாடு விபத்து நடந்த ஆண்டில் அடிவாங்கியதோடு நிற்கவில்லை; நான்கு ஆண்டு கழித்து, 1993-ல், மீன் கூட்டமே சரிந்தது. அந்தச் சரிவில் எண்ணெயின் பங்கு எவ்வளவு என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வழக்கும் அப்படித்தான் நீண்டது: 1994-ல் ஜூரி விதித்த 500 கோடி டாலர் தண்டத் தொகையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008-ல் சுமார் 50 கோடி டாலராகக் குறைத்தபோது, வழக்குப் போட்ட மீனவர்களில் பலர் உயிரோடு இல்லை.

பல்லில் கவ்விய பறி

எண்ணூர் கழிமுகத்தில் வாழ்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி மீன் பிடிப்பவர்கள் இல்லை. பைபர் படகும் எஞ்சினும் வைத்துக் கடலுக்குப் போகிறவர்கள் உண்டு. ஆற்றுக்குள்ளேயே வலை போட்டு மடவையும் இறாலும் நண்டும் எடுப்பவர்கள் உண்டு. இவர்களுக்கும் கீழே, படகும் வலையும் இல்லாமல் கையாலேயே இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்; பெண்களும் இருளர் குடும்பங்களும் இதில் அதிகம். இடுப்பளவு, சில இடங்களில் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்தபடி, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவுவார்கள். விரலில் இறால் தட்டுப்பட்டதும் அமுக்கிப் பிடித்து, ஓலையால் முடைந்த பறியில் போடுவார்கள். கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியின் வாயைப் பல்லால் கவ்விக்கொள்வது வழக்கம். மணிக்கணக்கில் முகத்துக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண்தான் இருக்கும்.

எண்ணெய் போய்ப் படிகிற இடம் அந்தச் சேறு. மேலே தண்ணீர் தெளிந்து, மிதவைத் தடுப்புகளை எடுத்துக்கொண்டு போனபிறகும், கையால் துழாவுகிறவர்களுக்கு எண்ணெய் அங்கேயே இருக்கிறது. தோலில் அரிப்பு, கொப்புளம், நகக்கண்ணில் போகாத கறுப்பு. இறால் கிடைத்தாலும் அதில் எண்ணெய் வாடை. கழிமுகத்து மீன் என்று சொன்னாலே வாங்குகிறவர் கையை எடுத்துவிடுவார். கூடையோடு தெருத்தெருவாகப் போகும் மீன்காரப் பெண் ‘இது எண்ணூர் மீன் இல்லை’ என்று சொல்லியே விற்க வேண்டியிருக்கும். எண்ணெய் தொடாத மீனுக்கும் விலை விழுந்துவிடும். கசிவு நடந்த ஊருக்கு வெளியே பல மைல் தூரத்துக்குப் பரவுகிற சேதம் இது, எந்த ஆய்வுக்கருவியிலும் பதிவாகாது.

வலைக்கு நேர்வதையும் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நைலான் வலையின் ஒவ்வொரு கண்ணிலும் எண்ணெய் தார் போல ஒட்டிக்கொள்கிறது. கசக்கினால் இடம் மாறுமே தவிர விடாது. அந்த வலையைத் தண்ணீரில் விட்டால் சுத்தமான தண்ணீரிலும் எண்ணெய்ப் படலம் விரியும், பிடித்த மீனிலும் வாடை ஏறும். ஆகவே வலை போச்சு என்றுதான் கணக்கு வைக்க வேண்டும். படகின் அடிப்பாகத்தைச் சுரண்டிக் கழுவி மறுபடி சாயம் பூசலாம். வலைக்கு அந்த வழி இல்லை. கண்ணளவு வேறுவேறாக ஆறேழு வகை வலை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது ஒரு பொழுதில் போன முதலீடு.

2023 கசிவுக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்த நிவாரணம் மொத்தம் 8.68 கோடி ரூபாய். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட பகுதியில் வசிக்கும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். இந்தத் தொகை போதாது என்று மீனவர்கள் அன்றைக்கே சொன்னார்கள். மூன்று மாதம் தொழில் இல்லை என்று வைத்துக்கொண்டால், 12,500 ரூபாய் நாளொன்றுக்கு 139 ரூபாய் ஆகிறது. தொகையைவிட உற்றுப் பார்க்க வேண்டியது எண்ணிய விதம். படகு எண்ணப்பட்டது, ஏனென்றால் படகுக்குப் பதிவெண் உண்டு. பறிக்குப் பதிவெண் இல்லை. கையால் இறால் பிடித்த பெண்ணின் தொழிலிழப்பு எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டது என்று கேட்டால், மீனவக் குடும்பம் என்ற அட்டையில் அவர் வீடு இருந்தால் அதில், இல்லாவிட்டால் வெள்ளத்தில் நனைந்த வீடு என்ற பட்டியலில், இரண்டிலும் இல்லாவிட்டால் எங்கும் இல்லை என்பதே நிலைமை.

அதே டிசம்பர் 26-ம் தேதி இரவு, எண்ணூர் பெரியகுப்பத்துக்கு அருகே உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்து, குப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஒரே கரைக்கு ஒரே மாதத்தில் இரண்டு கசிவு.

வாளியால் அள்ளிய கடல்

எண்ணூர் இதற்கு முன்பும் எண்ணெய் அள்ளிய கரைதான். 2017 ஜனவரி 28 அதிகாலையில், காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டுத் திரும்பிய ‘பிடபிள்யூ மேப்பிள்’, பெட்ரோலியப் பொருள்களோடு உள்ளே வந்துகொண்டிருந்த ‘டான் காஞ்சிபுரம்’ மீது மோத, கிழிந்த கப்பலிலிருந்து கனமான உலை எண்ணெய் கடலில் கொட்டியது. முதலில் கசிவே இல்லை என்றார்கள். அடுத்தடுத்த நாட்களில் கரையில் எண்ணெய் ஒதுங்க ஒதுங்க எண்ணிக்கை ஏறியது. கடைசியில் வந்த மதிப்பீடுகள் ஏறத்தாழ 200 டன்னிலிருந்து 250 டன் வரை. முதல் நாளே உண்மை அளவு தெரிந்திருந்தால் மிதவைத் தடுப்பு போட்டு நடுக்கடலிலேயே நிறுத்தியிருக்கலாம். அந்த இரண்டு மூன்று நாள் கைவிட்டுப்போனதன் விலையைத் திருவொற்றியூரிலிருந்து மெரினாவுக்குத் தெற்கு வரை கரையோரம் கொடுத்தது.

எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் பாறைகளுக்கு இடையே எண்ணெய்க் களி தேங்கி நின்றது. உறிஞ்சும் இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். களியின் கெட்டித்தன்மையில் குழாய் அடைத்துக்கொண்டது. பிறகு நடந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது: மாணவர்களும் தன்னார்வலர்களும் காவல் படையினரும் மீனவர்களும் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளியில் அள்ளி, கைமாற்றிக் கைமாற்றிக் கரையேற்றினார்கள். பலரிடம் சரியான கையுறைகூட இல்லை. ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம் அது. செத்து ஒதுங்கிய பங்குனி ஆமைகளும் எண்ணெயோடு கிடந்தன. எண்ணெய்க் கசிவுப் பேரிடரைச் சமாளிக்கத் தேசியத் திட்டம் ஒன்று 1996-லேயே வகுக்கப்பட்டு, கடலோரக் காவல் படையிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கடலில் அந்தப் படைக்குக் கப்பலும் பயிற்சியும் உண்டு. கரைக்கு வந்துவிட்டால் பொறுப்பு மாநில நிர்வாகம், துறைமுகம், உள்ளாட்சி என்று பிரிந்துபோகும். 2023-ல் எண்ணெய் நிலத்திலிருந்து ஆற்றுக்கு வந்தபோது நிலைமை இன்னும் சிக்கலானது.

சட்டத்திலும் இந்தப் பிரிவு உண்டு. கப்பலிலிருந்து கொட்டும் எண்ணெய்க்குச் சர்வதேச உடன்படிக்கைகள் இருக்கின்றன. கப்பல்காரர் காப்பீடு வைத்திருக்க வேண்டும், கடற்கரை மக்கள் அதன் மேல் உரிமை கோரலாம். நிலத்திலிருக்கும் ஆலையிலிருந்து கால்வாய் வழியாக ஓடிய எண்ணெய்க்கு அந்த உடன்படிக்கைகள் பொருந்தாது. நாகப்பட்டினத்தில் 2023 மார்ச் 2-ம் தேதி நாகூர் பட்டினச்சேரிக் கரையில் புதைத்திருந்த கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்தபோதும் இதே நிலைதான். மீனவர்கள் கடலுக்குப் போகாமல் நின்று, சரிசெய்து தருவதெல்லாம் வேண்டாம், குழாயையே எடுத்துவிடுங்கள் என்று கேட்டார்கள். இப்படிப்பட்ட கசிவுகளில் மீனவர் கையில் இருப்பது நாட்டுச் சட்டம் ஒன்றுதான்: கெடுத்தவரே கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு. 2010-ம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 20-ம் பிரிவில், தீர்ப்பாயம் இந்தக் கோட்பாட்டைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பதினான்கு ஆண்டு முன்பு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்பாட்டை நாட்டின் சட்டமாக உறுதிப்படுத்தியிருந்தது. வழக்கு எண்ணெயைப் பற்றியதில்லை, தோல் பதனிடும் கழிவைப் பற்றியது. நீதிமன்றம் பெயர் சொன்ன ஐந்து மாவட்டங்களில் ஒன்று அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம்.

தோல் ஷாப்பும் கிணறும்

திண்டுக்கல்லில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பதனிடும் தொழில் பழையது. பேகம்பூர்ப் பக்கமும் வத்தலகுண்டு, மதுரைச் சாலைகளின் ஓரமும் இருந்த பதனிடும் கூடங்களை ஊரில் ‘தோல் ஷாப்’ என்பார்கள். தொடக்கத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றால் பதனிட்டார்கள். நாற்றம் இருந்தது, கழிவும் இருந்தது. ஆனால் பட்டைச் சாறு மண்ணில் மட்கக்கூடியது. 1970-களின் தொடக்கத்தில், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலாக அனுப்ப ஊக்கம் கொடுத்தது. அந்நியச் செலாவணிக்கு அது நல்ல கொள்கை. சில நாளில் வேலை முடியும் குரோமியப் பதனிடல் பெருகியது, உப்பும் சோடியம் சல்பைடும் குரோமிய உப்பும் வண்டி வண்டியாக வந்தன. வெளிநாட்டுக்குப் போன தோல் மெருகேறியது. கழிவு இங்கேயே தங்கியது.

பச்சைத் தோல் கெடாமலிருக்க அதில் உப்பை அப்பி அனுப்புவார்கள். தோல் ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. பிறகு சுண்ணாம்புக் குழி; முடியும் கொழுப்பும் நீங்குவதற்கு. அதன் பிறகு அமிலம், குரோமியம், சாயம். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் தேவை என்ற கணக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அத்தனை தண்ணீரும் ஊர் ஓடைகளிலும் குளங்களிலும் போய் நின்றது, குடகனாற்றுப் படுகையில் இறங்கியது.

சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர்களின் கை கால் வெந்துபோனதையும், அவர்கள் சங்கம் சேர்ந்த வரலாற்றையும் டி. செல்வராஜ் ‘தோல்’ நாவலில் எழுதினார். 2012-ல் அதற்குச் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. திண்டுக்கல்லின் தோல் தொழிலாளி இலக்கியத்தில் பதிவானது அப்படி. கிணறு பதிவானது வேறு வழியில்.

தன்னார்வ அமைப்பு ஒன்று திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியங்களின் 13 கிராமங்களில் கிணறு கிணறாகப் போய்க் கணக்கெடுத்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. குடிதண்ணீருக்குப் பெண்களும் குழந்தைகளும் மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்பதும் அந்தக் கணக்கெடுப்போடு தீர்ப்பில் ஏறியது. அதே தீர்ப்பு, வேலூர் வேளாண் ஆராய்ச்சி மையத்தின் மதிப்பீட்டை எடுத்துக்காட்டி, தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ பயிருக்கு ஆகாமல் போனது என்றும் சொல்கிறது. நீதிபதிகள் குல்தீப் சிங், ஃபைசானுதீன், கே. வெங்கடசாமி ஆகியோர் அமர்வு ஐந்து மாவட்டங்களின் ஒவ்வொரு தோல் கூடத்துக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அதைவிட முக்கியமானது, நஷ்டத்தைக் கணக்கிட்டுக் கெடுத்தவரிடம் வசூலித்துப் பாதிக்கப்பட்டவரிடம் சேர்க்க ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. சூழலியல் இழப்பு ஆணையம் என்று அது அமைந்தது. வேலூர் மாவட்டத்தில் மட்டும் 29,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு நிர்ணயிக்கும் உத்தரவு 2001-ல் வந்தது.

முந்நூற்று ஐம்பது என்ற அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். கிணற்றுக்குச் சொந்தக்காரர் உண்டு, சர்வே எண் உண்டு, பட்டா உண்டு. ஒருவர் நடந்துபோய் எட்டிப் பார்க்கலாம், வாளி விட்டு இறைத்து நாக்கில் வைக்கலாம். கரித்தால் குறிக்கலாம். கழிமுகத்துச் சேற்றுக்குப் பட்டா கிடையாது. அது எல்லோருக்கும் பொது. ஆகவே அதன் சேதம் யார் பெயரிலும் ஏறுவதில்லை. திண்டுக்கல்லிலும் இதே ஓட்டை இருந்தது. கிணறு வைத்திருந்தவர் பாதிக்கப்பட்ட விவசாயி. அந்தக் கிணற்றுப் பாசனத்தை நம்பி நாற்று நட்டு, களை எடுத்துக் கூலி வாங்கியவர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பாறைக்குள் போனது

திண்டுக்கல் சமவெளிக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே சில மீட்டர் சிதைந்த மண், அதற்குக் கீழே பாறை வெடிப்புகள். தண்ணீர் அந்த வெடிப்புகளில்தான் தங்குகிறது, அவற்றின் வழியாகத்தான் நகர்கிறது. ஆண்டுக்கு 800, 900 மில்லிமீட்டர் மழையில் உள்ளே இறங்குவது கொஞ்சம். கெட்ட தண்ணீரைத் தள்ளிக்கொண்டு புதுத் தண்ணீர் நிறைய வேண்டுமென்றால் பல பத்தாண்டுகள் ஆகும். ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் மேல் குடகனாற்றுப் படுகையை 2000-களில் ஆராய்ந்தபோது, நகரைச் சுற்றிச் சுமார் 80 தோல் கூடங்கள் இருந்தன. கரைந்த உப்பு சில இடங்களில் லிட்டருக்கு 10,000 மில்லிகிராமையும் தாண்டியிருந்தது. குடிநீரில் 500-க்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு.

அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிய நிலம் எப்படி மாறும் என்பதை வாய்க்கால் ஓரத்தில் பார்க்கலாம். பாய்ச்சிய மறுநாள் வெயில் ஏறியதும் மண் வெளுக்கும். காலால் தேய்த்தால் பொருபொருவென்று உதிரும். உவர் பூத்துவிட்டது என்பார்கள். முதலில் காய்கறி போகும், பிறகு நெல். தென்னை கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும்; பிறகு குரும்பையிலேயே உதிர்க்கத் தொடங்கும். கழிவு நீருக்கென்று பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகு புதிதாகச் சேர்வது குறைந்தது. ஏற்கெனவே பாறை இடுக்கில் இறங்கிவிட்டதை எந்த நிலையமும் வெளியே எடுக்காது. குடகனாற்றின் மேற்பகுதியில் இருக்கும் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் நகரத்துக்குக் குடிநீர் தருகிறது, காவிரியும் குழாயில் வருகிறது. அதனால் ஊர் தாகம் தணிந்தது. காலடியில் இருந்த தண்ணீரை இழந்துவிட்டுத் தொலைதூரத் தண்ணீருக்குக் காத்திருக்கிற பழக்கத்துக்கு இந்தச் சமவெளி வந்து ஒரு தலைமுறைக்கு மேலாகிறது.

எண்ணெய் இந்த விஷயத்தில் உப்பைவிட மேல் என்று சொல்லலாம். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர் உண்டு. காற்றும் காலமும் கிடைத்தால் சிதையும். உப்பையும் குரோமியத்தையும் தின்றுசெரிக்க எதுவும் இல்லை. ஆனால் எண்ணெயே கிணற்றில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணத்தின் சுன்னாகம் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எல்லாம், கிணறுதான் உயிர். சுன்னாகத்தில் எண்ணெயால் இயங்கிய மின் நிலையத்தின் கழிவு நிலத்தில் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வாளியைத் தூக்கினால் வானவில் படலம் ஆடியது. பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் பவுசர் லாரியில் தண்ணீர் போயிற்று. மக்கள் 2014, 2015-ல் தெருவில் இறங்கினார்கள். இலங்கை உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்து, மின் நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. கொழும்பு நீதிபதிகளும் கெடுத்தவரே கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டின் மேல்தான் நின்றார்கள். அங்கேயும் எண்ணப்பட்டவை கிணறுகள்.

எதுவரை பொறுப்பு

சேதம் எத்தனை நாளுக்கு என்பதில்தான் நஷ்டஈட்டு வழக்குகள் எல்லாம் தடுக்கிவிழுகின்றன. சூழலியல் இழப்பு ஆணையம் வேலூரின் இழப்பைக் கணக்கிட்டது 1998 வரையிலான காலத்துக்கு. ஆண்டுகள் போயின, வேலூரின் பாலாற்றுக் கரையில் கழிவும் நிற்கவில்லை, தொகையும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. வழக்கு மறுபடி டெல்லிக்குப் போய், 2025 ஜனவரி 30-ல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அதைத் தீர்த்தது. மீதி இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் கொடுக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்கவும் உத்தரவிட்டதோடு, கெடுத்தவரின் பொறுப்பு ஒரு தொகையைக் கட்டியதும் முடிந்துவிடாது, கெட்ட சூழல் சீராகும் வரை தொடரும் என்று அந்த அமர்வு சொன்னது.

எண்ணூருக்கு இந்த வரி பெரிய ஆயுதம். ஒருமுறை கொடுத்த 12,500 ரூபாயோடு கணக்கை மூட முடியாது என்று அதன் பொருள். ஆனால் சீராயிற்றா இல்லையா என்று சொல்ல, சேறு முதலில் எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்ற பதிவு வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது கழிமுகத்தின் வெவ்வேறு இடங்களில் அடிச்சேறு எடுத்துச் சோதித்து முடிவைக் குப்பங்களில் தமிழில் ஒட்ட வேண்டும். அலையாத்தியின் புதுக் கன்றுகளை எண்ண வேண்டும். கையால் இறால் பிடிப்பவர், நண்டு எடுப்பவர், மட்டி பொறுக்குபவர், மீன் விற்கும் பெண், வலை பின்னிக் கொடுப்பவர் ஆகியோரின் பெயரைப் படகுப் பதிவேட்டுக்கு இணையாக ஒரு பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இதைக் கசிவு நடந்த பிறகு செய்வது கடினம். நடப்பதற்கு முன் செய்ய ஒரு மீன்வளத்துறை ஊழியரும் நோட்டும் போதும். திண்டுக்கல்லின் 13 கிராமங்களில் கிணறு கிணறாக நடந்தவர்களிடம் அதற்கு மேல் எதுவும் இருக்கவில்லை.

கொசஸ்தலை ஆற்றில் வற்று நேரத்தில் தண்ணீர் இறங்கும்போது சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியும். பறியோடு இறங்குகிறவர்கள் அந்த நேரத்தைப் பார்த்துத்தான் வருவார்கள். 2023 டிசம்பருக்குப் பிறகு அவர்களில் சிலர் சேற்றில் கை வைப்பதற்கு முன் காலால் அமுக்கிப் பார்க்கிறார்கள். எண்ணெய்ப் படலம் மேலே வந்தால் அந்த இடத்தை விட்டு அடுத்த திட்டுக்கு நகர்கிறார்கள்.